புதிய செயல்பாட்டுப் பொருளைத் தேடுவது எப்படி: கேள்வியிலிருந்து மென்படலச் சாதனம் வரை

2007-இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் சில்லுகளில், டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில் இருக்கும் காப்பு அடுக்காக ஹாஃப்னியம் ஆக்சைடைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே பல ஆய்வகங்கள் அந்தப் பொருளை அக்குவேறு ஆணிவேறாக அலசியிருந்தன. இனி அதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2011-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கொஞ்சம் சிலிக்கன் கலந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் படியவைத்து, மேலே டைட்டேனியம் நைட்ரைடு மின்முனையால் மூடிச் சூடாக்கினால் அதே ஹாஃப்னியம் ஆக்சைடு ஃபெரோஎலெக்ட்ரிக் ஆகிறது என்றது அந்தக் கட்டுரை. அதாவது மின்புலத்தை எடுத்த பிறகும் முனைவாக்கம் நிற்கும், எதிர்ப்புலம் கொடுத்தால் திரும்பும். நினைவகம் செய்ய இதுதான் வேண்டும். சாதாரணமாகக் கட்டியாகக் கிடைக்கும் ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு இந்தக் குணம் கிடையாது.

முதுகலை முடித்து ஆய்வுக்குள் நுழைபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆக்சைடுப் படலங்கள். நைட்ரைடு, சல்ஃபைடு, ஹாலைடு எதில் வேலை செய்தாலும் படிகளின் வரிசை ஏறக்குறைய இதேதான்.

தொடங்குமுன் ஒரு கணக்கு. படலத்தின் தடிமன் 50 நானோமீட்டர், அதைத் தாங்கும் அடித்தளத்தின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். நீங்கள் கருவிக்குள் வைக்கும் துண்டில் உங்கள் பொருள் 10,000-இல் ஒரு பங்குதான். மீதி 9,999 பங்கும் வேறு ஏதோ. கருவி காட்டும் எந்த எண்ணும் உங்கள் படலத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். அடித்தளம், மின்முனை, இடைமுகம், கையில் இருந்த இடுக்கி ஆகியவற்றில் ஒன்றிலிருந்தும் வந்திருக்கலாம். கீழே வரும் படிகளில் பாதி, இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகவே இருக்கின்றன.

படி 1: கேள்வியை எண்களோடு எழுதுங்கள்

"புதிய ஃபெரோஎலெக்ட்ரிக் ஒன்றைக் கண்டுபிடிக்கப்போகிறேன்" என்று திட்டத்தில் எழுதினால் அது ஆசை. "10 நானோமீட்டர் தடிமனில், 1 வோல்ட்டுக்குள் திரும்பக்கூடிய, 400 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளர்க்கக்கூடிய, ஈயம் இல்லாத ஃபெரோஎலெக்ட்ரிக் உண்டா?" என்று எழுதினால்தான் அது கேள்வி. 400 டிகிரி என்பது சும்மா போட்ட எண் இல்லை. சில்லில் உலோக இணைப்புகள் போட்ட பிறகு அதற்கு மேல் சூடாக்கினால் கீழே இருப்பது கெடும். 10 நானோமீட்டருக்கு 1 வோல்ட் என்றால் மின்புலம் சென்டிமீட்டருக்கு 10 லட்சம் வோல்ட். அந்தப் புலத்தில் கசியாமல் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இப்படி எழுதிய உடனேயே பட்டியலில் இருந்த சேர்மங்களில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

எந்த வகைப் புதுமையைத் தேடுகிறீர்கள் என்பதையும் இங்கேயே முடிவுசெய்யுங்கள். இதுவரை யாரும் செய்யாத சேர்மத்தைத் தேடலாம். தெரிந்த சேர்மத்தை மென்படலமாக்கி, கட்டியில் இல்லாத படிக நிலைக்குத் தள்ளலாம். அல்லது ஒரு வேலைக்காகப் பழகிய பொருளை இன்னொரு வேலைக்கு இழுக்கலாம். அலுமினியம் நைட்ரைடு கடைசி இரண்டுக்கும் நல்ல உதாரணம். கைபேசிகளின் ரேடியோ வடிகட்டிகளில் அது பல காலமாக இருக்கிறது. 2009-இல் ஜப்பானில் அதில் ஸ்கேண்டியம் கலந்தபோது அழுத்தமின் திறன் (அழுத்தினால் மின்னூட்டம் தரும் திறன்) பல மடங்கு ஏறியது. 2019-இல் ஜெர்மனியில் அதே கலவை ஃபெரோஎலெக்ட்ரிக் என்று தெரிந்தது. ஆய்வுக்குப் புதியவர்களுக்கு என் பரிந்துரை இந்த இரண்டில் ஒன்று. முதல் வகையில் மூன்று வருடம் போய், கையில் ஒரு படலமும் இல்லாமல் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

படி 2: கணினியில் பட்டியலைச் சுருக்குங்கள்

மெட்டீரியல்ஸ் பிராஜெக்ட், ஏஃப்லோ, ஓக்யூஎம்டி போன்ற திறந்த தரவுத்தளங்களில் லட்சக்கணக்கான சேர்மங்களுக்குக் கணக்கிட்ட பண்புகள் கிடைக்கின்றன. இவற்றின் அடியில் இருப்பது 1964, 1965-இல் கோன், ஹோஹென்பெர்க், ஷாம் ஆகியோர் அமைத்த அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஆய்வகப் பேச்சில் டிஎஃப்டி. ஒரு சேர்மத்தைப் பார்க்கும்போது மூன்று எண்களை முதலில் கவனியுங்கள். சிதைந்து வேறு சேர்மங்களாகப் பிரிவதைவிட ஆற்றல் எவ்வளவு அதிகம். பட்டை இடைவெளி, அதாவது எலெக்ட்ரான் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், எவ்வளவு. அணிக்கோவை மாறிலி, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் நீளம், என்ன.

முதல் எண் பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அணுவுக்குச் சில பத்து மில்லி எலெக்ட்ரான்வோல்ட் அதிகம் உள்ள எத்தனையோ பொருள்கள் உண்மையில் இருக்கின்றன, மென்படலத்தில் இன்னும் அதிகமாகவே தாக்குப்பிடிக்கின்றன. இரண்டாவது எண்ணை அப்படியே நம்பாதீர்கள். தரவுத்தளங்களில் பொதுவாகப் பயன்படும் பிபிஇ முறை பட்டை இடைவெளியைக் குறைத்தே காட்டும். குறைக்கடத்திகள் சில அதில் உலோகமாகவே தெரியும். இறுதிப் பட்டியலில் மிஞ்சுவதை மட்டும் எச்எஸ்இ போன்ற செலவுமிக்க முறையில் மறுபடி கணக்கிடுங்கள்.

பேரியம் டைட்டனேட் போன்றவை சேர்ந்த பெரோவ்ஸ்கைட் என்ற படிகக் குடும்பம் என்றால் 1926-இல் கோல்ட்ஷ்மிட் தந்த பொறுதிக் காரணி இன்றும் கைகொடுக்கும். அயனி ஆரங்களை வைத்துப் போடும் எளிய விகிதம்தான். அது ஏறக்குறைய 0.8-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தால் அமைப்பு நிற்க வாய்ப்பு உண்டு. காகிதத்தில் ஒரு மதிய நேரத்தில் நூறு சேர்மங்களை வடிகட்டிவிடலாம்.

2023-இல் கூகுள் டீப்மைண்டின் ஜினோம் திட்டம் 22 லட்சம் படிக அமைப்புகளை முன்கணித்து, அவற்றில் சுமார் 3,80,000 நிலையானவை என்றது. அதே சமயம் பெர்க்லியில் மனிதர் கைபடாமல் இயங்கும் ஒரு ஆய்வகம் பல புதிய சேர்மங்களைத் தயாரித்ததாக அறிவித்தது. அவற்றில் பல ஏற்கனவே தெரிந்த, அணுக்கள் இடம்மாறி ஒழுங்கற்றுக் கிடக்கும் சேர்மங்கள்தான் என்று வேதியியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். கணினிக் கணக்கில் ஒவ்வொரு அணுவும் தனக்கென்று ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். உலையில் 900 டிகிரியில் அப்படி உட்காராது. ஒத்த அளவுள்ள இரண்டு உலோக அயனிகள் ஒரே சேர்மத்தில் இருந்தால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

வேதியியலையும் ஒரு பார்வை பாருங்கள். ஈயம், பிஸ்மத், பொட்டாசியம் சூட்டில் ஆவியாகும். அவற்றை ஈடுகட்ட மூலப்பொருளில் கொஞ்சம் கூடுதலாகப் போடவேண்டியிருக்கும், எவ்வளவு என்பதைப் படலம் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

படி 3: அடித்தளத்தைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் பலர் அலமாரியில் எது இருக்கிறதோ அதை எடுத்துவைத்து வேலையைத் தொடங்குகிறார்கள். இது சரியில்லை. மென்படல ஆய்வில் அடித்தளம்தான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய நெம்புகோல்.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் அணிக்கோவை மாறிலி 3.905 ஆங்ஸ்ட்ராம். அதன்மேல் 3.99 உள்ள பேரியம் டைட்டனேட்டை வளர்த்தால் பொருத்தமின்மை சுமார் 2.2 சதவீதம். படலம் மெல்லியதாக இருக்கும்வரை பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, மேல்நோக்கி நீளும். ஒரு தடிமனைத் தாண்டினால் இடப்பெயர்ச்சிக் குறைகளை உருவாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிடும். இந்த இறுக்கம் பொருளின் குணத்தையே மாற்றும். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் சாதாரணமாக எந்த வெப்பநிலையிலும் ஃபெரோஎலெக்ட்ரிக் ஆவதில்லை. அதையே டிஸ்ப்ரோசியம் ஸ்கேண்டேட்டின் மேல் ஒரு சதவீதம் அளவுக்கு இழுத்து வளர்த்தபோது அறை வெப்பநிலையிலேயே ஃபெரோஎலெக்ட்ரிக் ஆனது. 2004-இல் டேரல் ஷ்லோம் குழுவினர் காட்டிய முடிவு இது.

பொருத்தமின்மையைக் கணக்கிட்டதோடு நிறுத்தாதீர்கள். வளர்க்கும் சூட்டிலிருந்து குளிரும்போது படலமும் அடித்தளமும் ஒரே அளவு சுருங்குமா? வளர்க்கும் வெப்பநிலையில் இரண்டும் வினைபுரியுமா? சிலிக்கன்மேல் ஆக்சைடு வளர்த்தால் நடுவில் ஒரு சிலிக்கன் ஆக்சைடு அடுக்கு தானாக முளைத்துவிடும். அடித்தளம் அளவீட்டில் தலையிடுமா? ஒளி அளவீடு என்றால் அது ஒளிபுகும் பொருளாக இருக்கவேண்டும், மின் அளவீடு என்றால் மின்கடத்தாமல் இருக்கவேண்டும், காந்த அளவீடு என்றால் காந்த மாசு இல்லாமல் இருக்கவேண்டும்.

கடைசியாக, மேற்பரப்பு. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டை வெட்டினால் மேலே சில இடங்களில் ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு அடுக்கும் சில இடங்களில் டைட்டேனியம் ஆக்சைடு அடுக்கும் தெரியும். தாங்கல் சேர்த்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் சிறிது நேரம் அரித்து, பிறகு ஆக்சிஜனில் சுமார் 950 டிகிரிக்குச் சூடாக்கினால் முழுதும் டைட்டேனியம் ஆக்சைடாக, அணு உயரப் படிக்கட்டுகளாக மாறும். 1994-இல் ஜப்பானில் வந்த இந்த முறைக்குப் பிறகுதான் ஆக்சைடு இடைமுக ஆய்வு சூடுபிடித்தது. ஒரு எச்சரிக்கை: இந்த அமிலம் தோலில் பட்ட உடனே எரியாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெறாமல் தொடாதீர்கள், தனியாக இருக்கும்போது பயன்படுத்தாதீர்கள், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள்.

படி 4: படியவைக்கும் முறை

பெரும்பாலும் உங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதுவே முறை. இருந்தாலும் ஒவ்வொன்றும் எதற்குத் தோது என்று தெரிந்திருக்கட்டும்.

துடிப்பு லேசர் படிவு, அதாவது பிஎல்டி, புதுச் சேர்மம் தேடுபவர்களின் செல்லக் கருவி. 248 நானோமீட்டர் லேசர் துடிப்பு ஒரு பீங்கான் வில்லையைத் தாக்கும்; எழும் ஒளிரும் ஆவி எதிரே சூடாக இருக்கும் அடித்தளத்தில் படியும். வில்லையின் கலவை ஓரளவு அப்படியே படலத்துக்கு வரும் என்பது இதன் பலம். 1987-இல், உயர்வெப்ப மீக்கடத்திகள் வந்த கையோடு, பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசன் உள்ளிட்டோர் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை இப்படிப் படலமாக்கிக் காட்டியதும் உலகம் முழுக்க இந்த முறை பரவியது. புது வில்லை செய்ய ஒரு வாரம் போதும்: பொடிகளைக் கலந்து, சுட்டு, அரைத்து, அழுத்தி, மறுபடி சுடவேண்டும். பலவீனம், படலத்தில் அங்கங்கே துளிகள் தெறிக்கும், சீராகப் படியும் பரப்பும் சிறியது.

பெரிய பரப்பும் தொழிற்சாலைக்கு நெருக்கமான முறையும் வேண்டும் என்றால் ஸ்பட்டரிங், அதாவது அயனிகளால் மோதி மூலப்பொருளின் அணுக்களைப் பெயர்த்துப் படியவைப்பது. ஆக்சைடு ஸ்பட்டரிங்கில் எதிர்மின் ஆக்சிஜன் அயனிகள் படலத்தையே திருப்பித் தாக்கிக் கலவையைக் கெடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அணு அடுக்குப் படிவை, அதாவது ஏஎல்டியை, 1974-இல் ஃபின்லாந்தின் துவோமோ சுந்தோலா உருவாக்கினார். குழிகள், ஓரங்கள் எல்லாவற்றின்மேலும் ஒரே தடிமனாகப் பூச வேண்டுமானால் அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒவ்வொரு தனிமத்துக்கும் பொருத்தமான வேதி முன்னோடி கிடைக்கவேண்டும். மூலக்கூற்றுக் கற்றை வளர்ப்பில் தூய்மை உச்சத்தில் இருக்கும், பொறுமையும் உச்சத்தில் இருக்கவேண்டும். கரைசல் பூச்சு மலிவு, வேகம். ஹாலைடு பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்கள் வளர்ந்தது இதனால்தான்.

வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. அழுத்தம் ஒரு டாரில் (வெற்றிட வேலையில் பயன்படும் அழுத்த அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்காக இருக்கும்போது, மோதும் வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், மேற்பரப்பை ஒரு அடுக்கு மூட ஏறக்குறைய ஒரு விநாடிதான் ஆகும். ஆக்சைடு வளர்ப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. நைட்ரைடு வளர்ப்பவர் தூக்கம் கெடும்.

படி 5: முதல் படலங்கள்

வெப்பநிலை, ஆக்சிஜன் அழுத்தம், லேசர் ஆற்றல் அடர்த்தி, வில்லைக்கும் அடித்தளத்துக்கும் உள்ள தூரம். இந்த நான்கும் பிஎல்டியின் முக்கியக் கட்டுப்பாட்டுக் குமிழ்கள். ஆக்சைடுகளுக்கு 600 முதல் 800 டிகிரி, சுமார் 100 மில்லிடார் ஆக்சிஜன், சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 ஜூல், சுமார் 5 சென்டிமீட்டர் தூரம் என்று தொடங்கலாம். முதலில் அழுத்தத்தை நிலைநிறுத்தி வெப்பநிலையை 50 டிகிரி இடைவெளியில் மாற்றுங்கள். நல்ல பகுதி கிடைத்ததும் அழுத்தத்தைப் பத்து மடங்கு ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். லேசர் ஆற்றலைக் கடைசியில் தொடுங்கள். அது கலவையை நுட்பமாக மாற்றும், அதைக் கண்டுபிடிக்க நல்ல அளவீடு வேண்டும்.

கலவையையே மாற்றிப் பார்க்கவேண்டிய ஆய்வு என்றால் ஒரே அடித்தளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கலவை மெல்ல மாறும் படலம் போடலாம். 1995-இல் பெர்க்லியில் ஒரே தட்டில் 128 மாதிரிகள் செய்துகாட்டியதிலிருந்து இந்தப் பாணி நிலைத்திருக்கிறது. அடுத்த படலத்தை எந்த நிலையில் போடுவது என்று பரிந்துரைக்கும் பேய்சியன் நிரல்களும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. குமிழ்கள் நான்கைந்தும் அளவீடு ஒன்றுமாக இருந்தால் நன்றாக உதவும். ஆனால் அந்த ஒரு அளவீடு தவறானதாக இருந்தால், தவறான இடத்துக்கு வெகு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்தப் படியில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில். ஒவ்வொரு வளர்ப்பு நிலைக்கும் ஒரு வெற்று அடித்தளத்தை, லேசரை மட்டும் சுடாமல், அதே சூடு, அதே அழுத்தம், அதே நேரம், அதே குளிரூட்டல் என்று நடத்தி வெளியே எடுங்கள். படலத்துக்குச் செய்யும் எல்லா அளவீட்டையும் அதற்கும் செய்யுங்கள். ஏன்? ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டை ஆக்சிஜன் குறைந்த சூழலில் சூடாக்கினால் அதிலிருந்து ஆக்சிஜன் வெளியேறி, அந்தக் காலியிடங்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிடும். காப்பானாக இருந்த துண்டு மின்கடத்தியாகிவிடும். 2004-இல் ஓட்டோமோ, ஹுவாங் இருவரும் லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற இரண்டு காப்பான்களின் இடைமுகத்தில் எலெக்ட்ரான்கள் ஓடுவதைக் காட்டிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தினார்கள். அடுத்த சில வருடங்கள் துறையே விவாதித்தது, ஓடுவது இடைமுகத்திலா, ஆக்சிஜன் இழந்த அடித்தளத்திலா என்று. குறைந்த அழுத்தத்தில் வளர்த்தவற்றில் அடித்தளத்தின் பங்கு பெரிது என்று தெரிந்தது. அழுத்தத்தை ஏற்றி, பிறகு ஆக்சிஜனில் சூடாக்கி எடுத்த மாதிரிகளிலும் மின்கடத்தல் மறையாமல் நீடித்தது. 2006-இல் நான்கு அலகறை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகு) தடிமன் வரும்வரை கடத்தாது, வந்ததும் சட்டென்று கடத்தும் என்பதும் தெரிந்தது. நீளமான விவாதம்தான். இன்று அந்த இடைமுகத்தை நாம் நம்புவதற்கு அதுதான் காரணம்.

படி 6: வளர்ந்தது என்ன?

எக்ஸ்ஆர்டியில், அதாவது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் அளவீட்டில், தொடங்குங்கள். சாதாரண தீட்டா, இரண்டு தீட்டா வரைபடம் முதலில். பிறகு முகட்டின் அகலம் பார்க்கும் ராக்கிங் வளைவு, தடிமன் பார்க்கும் தாழ்கோண எதிரொளிப்பு, இறுக்கம் பார்க்கும் தலைகீழ் வெளி வரைபடம். படலத்தின் முகட்டுக்கு இரு பக்கமும் சிற்றலைகள் தெரிந்தால் மேற்பரப்பும் இடைமுகமும் தட்டையாக இருக்கின்றன என்று நம்பலாம்.

இங்கேயும் அடித்தளம் விளையாடும். ஒற்றைப் படிகத்தின் முகடு மிக வலுவானது. கருவியின் எக்ஸ்-கதிரில் தாமிரத்தின் முக்கியக் கதிரோடு வேறு அலைநீளங்களும் மிகச் சிறிதளவு இருக்கும். அந்தத் துணுக்குகளும் அடித்தளத்தில் பட்டு முகடு காட்டும். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் 002 முகடு 46.5 டிகிரியில் இருக்கும். தாமிரத்தின் கே-பீட்டா கதிரால் 41.8 அருகிலும், எக்ஸ்-கதிர்க் குழாயின் இழையிலிருந்து படிந்த டங்ஸ்டனால் 44.4 அருகிலும் அதே தளத்தின் சிறு முகடுகள் வரும். சரி, பேரியம் டைட்டனேட்டின் 002 முகடு எங்கே வரும்? 44.5-இலிருந்து 44.9-க்குள். ஒரு படலமும் போடாத அடித்தளம் "பேரியம் டைட்டனேட் வளர்ந்திருக்கிறது" என்று சாட்சி சொல்லும்! வெற்று அடித்தளத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

கலவையை அளப்பது இன்னும் வழுக்கலானது. மின்னணு நுண்ணோக்கியோடு வரும், வெளிவரும் எக்ஸ்-கதிர்களின் ஆற்றலை வைத்துத் தனிமங்களை அறியும் இடிஎஸ் கருவியில் எலெக்ட்ரான்கள் ஒரு மைக்ரோமீட்டர் வரை உள்ளே போகும், எனவே பெரும்பாலான சைகை அடித்தளத்தினுடையது. போதாக்குறைக்கு டைட்டேனியத்தின் கே கோடும் பேரியத்தின் எல் கோடும் 4.5 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆக்சிஜன் அளவுக்கு அதை நம்பவே வேண்டாம். எக்ஸ்-கதிரால் வெளியேறும் எலெக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்பிஎஸ் மேல் 10 நானோமீட்டருக்குள் மட்டும் பார்க்கும். தனிமத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைச் சொல்லும், ஆனால் காற்றில் கிடந்த மேற்பரப்பைத்தான் சொல்லும். உலோகங்களின் விகிதம் துல்லியமாக வேண்டும் என்றால் ரதர்ஃபோர்டு பின்சிதறல் அளவீட்டுக்கு ஒரு மாதிரியை அனுப்புங்கள். வரிசையில் காத்திருக்கவேண்டும், காத்திருக்கலாம்.

படி 7: சாதனமாக்குவது

மின்தேக்கிதான் எளிய சாதனம்: கீழ் மின்முனை, படலம், மேல் மின்முனை. கீழ் மின்முனையாக ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் போட்டால் படிக அமைப்பு தொடர்ந்து மேலே வளரும். மேலே நிழல் முகமூடி வழியாகப் பிளாட்டினம் புள்ளிகள். 20, 50, 100, 200 மைக்ரோமீட்டர் என்று பல அளவுகளில் போடுங்கள். மின்னோட்டம் பரப்புக்கு ஏற்ப வளர்ந்தால் அது படலத்தின் ஊடே போகிறது. சுற்றளவுக்கு ஏற்ப வளர்ந்தால் ஓரத்தில் கசிகிறது. எதற்குமே ஏற்ப வளராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் படலத்தில் ஓட்டைகள்.

அளப்பதற்கு முன் என்ன வரவேண்டும் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரோமீட்டர் சதுரம், 50 நானோமீட்டர் தடிமன், மின்காப்பு மாறிலி 30 என்றால் மின்தேக்குத் திறன் சுமார் 53 பிக்கோஃபாரட். கருவி 5 காட்டினாலோ 500 காட்டினாலோ இயற்பியலைத் தேடுமுன் கம்பியைச் சரிபாருங்கள்.

மின்தடைக்கு நான்கு முனை அளவீடு. ஒழுங்கற்ற வடிவத் துண்டு என்றால் 1958-இல் வான் டெர் பாவ் தந்த முறை. டிரான்சிஸ்டர் செய்தால் சேனல் நீளங்களை மாற்றி மாற்றிச் செய்து தொடு மின்தடையைப் பிரித்தெடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் நகர்திறன் மின்முனையின் குணமாக இருக்கும். சூரிய மின்கலம் என்றால் மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்து இரண்டையும் காட்டுங்கள். பெரோவ்ஸ்கைட் மின்கலங்களில் இந்த இரண்டும் ஒத்துப்போகாதது பெரிய தலைவலியாக இருந்தது.

படி 8: கிடைத்த சைகையை உடைத்துப் பார்ப்பது

இந்தப் படிக்கு வளர்ப்புக்கு ஒதுக்கிய அளவு நேரத்தை ஒதுக்குங்கள்.

ஃபெரோஎலெக்ட்ரிக் என்று சொல்ல ஒரு தயக்க வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது முனைவாக்கம் வரையும் மூடிய வளைவு) போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2008-இல் கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் ஸ்காட் ஒரு வாழைப்பழத் தோலில் மின்முனை வைத்து அதேபோன்ற அழகான வளையத்தை எடுத்துக்காட்டினார். வாழைத்தோல் ஃபெரோஎலெக்ட்ரிக் இல்லை, மின்சாரத்தைக் கசியவிடுகிறது, அவ்வளவுதான். உண்மையான வளையம் புலம் கூடும்போது தட்டையாகி நிறைவடையவேண்டும். நுனிகள் உருண்டு வீங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். அதிர்வெண்ணைக் குறைக்கக் குறைக்க வளையம் கொழுத்துக்கொண்டே போனால் அது கசிவின் அடையாளம். பிறகு பண்ட் எனப்படும் துடிப்பு அளவீடு: ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு துடிப்பு. முதலாவது முனைவாக்கத்தைத் திருப்பும், கசியவும் செய்யும். இரண்டாவதில் திருப்ப எதுவும் மிச்சமில்லை, கசிவும் சாதாரண மின்னேற்றமும் மட்டும். கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுடையது.

காந்தத்தில் நிலைமை இன்னும் மோசம். 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டில் 50 நானோமீட்டர் படலத்தின் எடை ஒரு சில மைக்ரோகிராம்தான். ஒரே ஒரு மைக்ரோகிராம் இரும்புத் துகளின் சைகை, மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் ஸ்குயிட் கருவி உணரும் எல்லையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. 2004-இல் ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலத்தில் காந்தத்தன்மை இருப்பதாக அறிவிப்பு வந்தது. அடுத்த வருடமே, அந்த அளவு சைகை எஃகு இடுக்கியால் பிடித்ததாலேயே வரக்கூடும் என்று இன்னொரு குழு காட்டியது. பிளாஸ்டிக் இடுக்கி வாங்கிவையுங்கள், வெற்று அடித்தளத்தையும் அதே கையால் அளங்கள்.

மீக்கடத்தி என்று தோன்றினால் மின்தடை பூச்சியமாவதும் காந்தப்புலத்தை வெளித்தள்ளுவதும் இரண்டும் வேண்டும். 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையில் மீக்கடத்துகிறது என்ற செய்தி உலகைக் கலக்கியது. மின்தடை சட்டென்று விழுந்த வெப்பநிலை 104 டிகிரி செல்சியஸ் அருகே. மாசாகக் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு தன் படிக நிலையை மாற்றுவதும் அங்கேதான். சில வாரங்களில் பல குழுக்கள் இதைச் செய்து பார்த்துக் கதையை முடித்தன. மாசு இல்லாமல் வளர்த்த ஒற்றைப் படிகம் வெறும் காப்பானாக இருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்ட்ரான்ஷியம் கலந்த நியோடிமியம் நிக்கலேட் படலம் 9 முதல் 15 கெல்வினில் மீக்கடத்தியது. முதலில் பெரோவ்ஸ்கைட்டாக வளர்த்து, பிறகு கால்சியம் ஹைட்ரைடோடு அடைத்துச் சூடாக்கி ஆக்சிஜனை உருவி எடுத்தார்கள். அதே சேர்மத்தைப் பொடியாகச் செய்து பார்த்தவர்களுக்கு மீக்கடத்தல் வரவில்லை. அதற்காக முதல் முடிவு பொய்யாகிவிடவில்லை. மற்ற குழுக்களும் படலத்தில் அதைத் திரும்பச் செய்துகாட்டின. அடித்தளத்தின் தலையீடு சில நேரம் பிழை, சில நேரம் அதுவே கண்டுபிடிப்பு. எது எது என்று சொல்வதற்கு அடித்தளத்தை மாற்றியும் தடிமனை மாற்றியும் செய்த தொடர் மாதிரிகள் தேவை. படலத்தின் குணம் என்றால் சைகை தடிமனோடு சேர்ந்து வளரும். இடைமுகம் என்றால் தடிமன் எதுவானாலும் ஏறக்குறைய மாறாது. மாசு என்றால் எந்த ஒழுங்கும் இருக்காது.

படி 9: எழுதுவதற்கு முன்

குறைந்தது மூன்று தனித்தனி வளர்ப்புகளில் முடிவு திரும்ப வரவேண்டும். அவற்றில் ஒன்றையாவது குழுவில் வேறொருவர் வளர்க்கட்டும். முடிந்தால் ஒரு துண்டை வெளி ஆய்வகத்துக்கு, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லாமல் அனுப்புங்கள். எத்தனை சாதனம் செய்தீர்கள், எத்தனை வேலை செய்தன, நடு மதிப்பு என்ன என்பதைக் கட்டுரையிலேயே எழுதுங்கள். சிறந்த ஒரு சாதனத்தின் எண்ணை மட்டும் தலைப்பில் போடும் வழக்கம் துறையில் இருக்கிறது. எனக்கு அதில் மரியாதை இல்லை.

கருவி தரும் மூலக் கோப்புகளை, தேதியும் மாதிரி எண்ணும் மாற்றாமல், அப்படியே சேமியுங்கள். பெல் ஆய்வகத்தில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்பவர் மூலக்கூற்று டிரான்சிஸ்டர்கள் பற்றி அடுக்கடுக்காக வெளியிட்ட முடிவுகள் 2002-இல் சரிந்தன. வெவ்வேறு சாதனங்களின் வரைபடங்களில் இரைச்சல்கூட ஒரே மாதிரி இருந்ததை மற்றவர்கள் கவனித்தார்கள். விசாரணைக் குழு மூலத் தரவைக் கேட்டபோது அவரிடம் அது இல்லை. நேர்மையாக வேலை செய்பவரும், கேட்கும்போது மூலக் கோப்பை எடுத்துக்கொடுக்க முடியாவிட்டால், அதே கேள்விக்கு முன்னால்தான் நிற்கவேண்டும்.

வளர்ப்பு நிலைகளை எழுதும்போது சுருக்காதீர்கள். வெப்பநிலையை எங்கே அளந்தீர்கள், சூடேற்றியிலா, அடித்தளத்தின் மேற்பரப்பிலா? இரண்டுக்கும் நூறு டிகிரிகூட வித்தியாசம் இருக்கலாம். குளிரும்போது ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது? வில்லையின் அடர்த்தி என்ன? லேசர் புள்ளியின் பரப்பு என்ன? வராத படலங்களின் நிலைகளையும் துணைத் தரவில் சேருங்கள். உங்கள் கட்டுரையைப் பார்த்து முதல் படலம் போடப்போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பட்டியல்தான்.